ஆள் தூங்குகிற வீட்டில் ஸ்பீக்கர்

பெங்களூர் ஈஜிபுராவில் தண்ணீர் கேன் போடும் வேலையில் இருந்தபோது ஒரு ஒற்றை அறையில் குடியிருந்தேன். எதிர் அறையில் ஒரு புருஷன் பெண்டாட்டி, செங்கம் பக்கத்துக்காரர்கள். அவர் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் நைட் டூட்டி செக்யூரிட்டி. அந்த அம்மா கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தவர். முட்டி வலி தாங்காமல் நின்றுவிட்டார்.

ஈஜிபுரா சத்தத்துக்குப் பேர்போன இடம். ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். அந்த நெரிசலுக்கு நடுவே, ஜன்னல் இடுக்கில்கூடத் துணி அடைத்த அந்த ஒரு அறை மட்டும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். காலையில் அவர் டூட்டி முடிந்து வந்து படுத்ததும் அந்த அம்மா கொலுசைக் கழற்றி வைத்துவிடுவார். எவர்சில்வர் பாத்திரங்களை எல்லாம் கட்டி மேலே போட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கிலேயே புழங்குவார். குக்கரே கிடையாது, சோறு வடிப்பதுதான். காலிங் பெல் ஒயரை அந்த அம்மா சொல்லி நான்தான் பிடுங்கிவிட்டேன். என் கதவைக்கூடத் தட்டமாட்டார், நகத்தால் சுரண்டுவார். குசுகுசுவென்றுதான் பேசுவார். அவருடைய நிஜமான குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

காரணம் இருந்தது. ஒருநாள் காலை டூட்டி முடிந்து வரும்போது அவர் சைக்கிளிலேயே கண்ணயர்ந்து சிக்னலில் விழுந்துவிட்டார். பின்னால் வந்த ஆட்டோ பிரேக் போட்டதால் பிழைத்தார். பகல் டூட்டிக்கு மாறலாம், ஆனால் அதில் சம்பளம் குறைவு. அந்த அம்மாவுக்கு ஒரு வேலை கிடைத்தால் மாறிவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள்.

அப்படி ஒரு வேலையும் வந்தது. வீட்டுச் சாமான்களைப் போனில் ஆர்டர் எடுத்து விற்கும் கம்பெனி. தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்தால் போதும், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்யலாம். இண்டர்வியூவும் கம்ப்யூட்டரில்தான், மொபைல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா டைப் அடித்துப் பழகுவதற்காக வாங்கிய ஒரு பழைய கம்ப்யூட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. இண்டர்வியூவுக்காக இரண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் மட்டும் வாங்கிவந்தார்.

இண்டர்வியூ அன்று காலை என் கதவு சுரண்டப்பட்டது.

"அண்ணா, ஸ்பீக்கர்ல லைட்டு எரியுது, சத்தம் வரல. பதினோரு மணிக்குக் கூப்பிடுவாங்க."

நான் எட்டாவதோடு நின்றவன். அதன்பிறகு போகாத ஊர் இல்லை. போன இடங்களில் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மைக் செட் கடையும் ஒன்று. குழாய் ஸ்பீக்கரைத் தென்னைமரத்தில் ஏற்றிக் கட்டியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் போனேன்.

பழைய தையல் மெஷின் மேல் கம்ப்யூட்டர் இருந்தது. பக்கத்திலேயே பாயில் அவர், தலையோடு போர்த்திக்கொண்டு. கால் வைக்கவே இடம் பார்க்க வேண்டும்.

"சவுண்டு வருதான்னு பாருங்கணா," என்றார் அந்த அம்மா. உடனே, "ஆனா சவுண்டு வரக்கூடாது."

"ரெண்டும் எப்படிம்மா?"

"ஸ்வல்ப பாத்துப் பண்ணுங்கணா. அவரு இப்பத்தான் படுத்தாரு."

ஸ்பீக்கரின் குமிழைக் குறைத்து, ஒயரைப் பிடுங்கி என் மொபைலில் சொருகி, காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். கொசு மாதிரிப் பாட்டு கேட்டது. ஆக ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. ஒயரைத் திரும்பக் கம்ப்யூட்டரின் பின்னால் பச்சை ஓட்டையில் சொருகினேன். அந்த அம்மா ஒரு சமையல் வீடியோவை ஓடவிட்டார். படத்தில் ஒருத்தி வாயசைத்து மசாலா அரைத்தாள். காதை வைத்தேன், ஒன்றும் இல்லை. குமிழைக் கொஞ்சம் திருகினேன், இல்லை. திரையில் சத்தத்தை ஏற்றினோம், இல்லை. ஒயரைப் பக்கத்து ஓட்டையில் மாற்றிப் பார்த்து, மறுபடி பச்சைக்கே வந்தோம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். அது மெதுவாகக் கண் விழித்ததே தவிர வாய் திறக்கவில்லை. பொறுமை போய் எல்லாவற்றையும் முழுசாக ஏற்றினேன். அப்போதும் மசாலாக்காரி ஊமையாகவே கறியை வதக்கினாள்.

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதிலும் டிக் டிக் கிடையாது. சத்தமில்லாத கடிகாரம் கேட்டு வாங்கியது.

"எல்லாத்தையும் சத்தமில்லாமத்தான் வாங்குவீங்களாம்மா?" என்று சும்மா கேட்டேன்.

"ஆமாணா. கம்ப்யூட்டரும் அப்படித்தான் கேட்டேன். ஆளு தூங்குற வீடு, சத்தமே வராத மாதிரி பண்ணிக் குடுங்கன்னேன். கடைக்காரரு சிரிச்சுனே ஏதோ பண்ணிக் குடுத்தாரு."

"என்ன பண்ணாரு?"

"அது யாருக்குத் தெரியும்? ஸ்பீக்கர் குடுக்காம அனுப்பிட்டாருன்னுதான் நெனச்சினு இருந்தேன்."

குனிந்து பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. பொட்டு வைத்த இடம் ஒரு கறுப்பு மூடி மாதிரி இருந்தது. நகத்தால் சுரண்டினேன். மூடி இல்லை. ஹெட்ஃபோன் பின்னை ஒயரோடு நறுக்கி ஓட்டையில் அடைத்திருந்தார் கடைக்காரர். ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறது என்று நம்பி அந்தக் கம்ப்யூட்டர் இத்தனை நாளாகப் பின்பக்கம் சத்தத்தையே விடவில்லை. அதற்கு இவர்கள் பொட்டும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

மைக் செட் கடையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், எதைப் பிடுங்கினாலும் சொருகினாலும் முதலில் சத்தத்தைக் குறை என்பது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதை மறந்து பின்னைப் பிடுங்கினேன்.

வீடியோவில் அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

அந்த வீட்டுக்குள் வரவே வராத சத்தம், தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது. அவர் பாயிலிருந்து எகிறி நின்றார். போர்வை ஒரு தோளில், கை இடுப்பில் லத்தியைத் தேடுகிறது.

"யார்ரா அது? எந்த ஃபிளாட்டு?"

நான் தாவிக் குமிழைக் குறைத்தேன். அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எழுப்பிட்டேனே! நல்லாத் தூங்கினு இருந்தியே..."

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தூங்குனாத்தானம்மே எழுப்புறதுக்கு? நீ பட்ட பாட்டையெல்லாம் போர்வைக்குள்ள கேட்டுனுதான் இருந்தேன்."

"அப்ப தெனமும்?"

"டூட்டில பில்டிங் பூரா தூங்கும். ஒரு சத்தம் இருக்காது. அப்ப கண்ண மூடுனா வேலை போயிடும். இங்க வந்து படுத்தா அதே அமைதி. யாரோ கேட்டுல நிக்கிற மாதிரியே இருக்குது. காது முழிச்சுக்குது."

"இத இத்தினி நாளா ஏன்யா சொல்லல?"

"எனக்கோசரம் கொலுசக் கூட கழட்டி வெச்சிருக்க. எந்த மூஞ்சிய வெச்சினு சொல்றது?"

அவர் சிக்னலில் விழுந்தது அந்த அம்மாவின் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அழைப்பு வந்துவிட்டது. நான் போகலாம் என்று எழுந்தேன். "இருங்கணா, சத்தம் திரும்ப நின்னுட்டா?" என்றார். வாசற்படியில் உட்கார்ந்தேன்.

அந்த அம்மாவின் நிஜமான குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். கணீரென்ற குரல். வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும் இடத்தில் வருஷக்கணக்கில் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. எதிர்முனையில் பேசியவரே, "மேடம், ஸ்வல்ப மெல்லகே மாத்தாடி," என்று கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. தமிழில் கேட்டதற்குத் தமிழிலும் கன்னடத்தில் கேட்டதற்குக் கன்னடத்திலும் பதில் சொன்னார். பாதியில் எதிர்முனைக் குரல் நின்றது.

"பின்னாடி என்னம்மா சத்தம்?"

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். உட்கார்ந்த வாக்கிலேயே பாயில் சரிந்து, வாய் திறந்து, அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"என் வீட்டுக்காரர் சார். நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து தூங்குறாரு."

"நீங்க இவ்வளவு சத்தமாப் பேசும்போதா?"

"சத்தம் இருந்தாத்தான் தூங்குவாராம் சார். எனக்கே இப்பத்தான் தெரியும்."

எதிர்முனையில் சிரிப்புக் கேட்டது. இன்னும் சில கேள்விகளுக்குப் பிறகு, திங்கட்கிழமை வந்து ஹெட்செட் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கஸ்டமருக்கு வேறு சத்தம் எதுவும் கேட்காத நல்ல ஹெட்செட்டாம்.

"ஹெட்செட் மாட்டிட்டா எதிர்ல பேசுறவங்க சத்தம் வெளிய வராதேம்மா," என்றேன். "உங்க குரல் மட்டும்தான் கேட்கும்."

அந்த அம்மா அவரை ஒருமுறை பார்த்தார்.

"அது போதாதாணா?" என்றார், குரலைக் குறைக்காமலே.

அவர் அசையவில்லை. பகல் டூட்டி உடனே கிடைத்துவிடவில்லை. அதற்குள் நான் அறையைக் காலி செய்துகொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டேன். கிளம்புவதற்கு முன்னால் காலிங் பெல் ஒயரை மறுபடி மாட்டிக் கொடுத்தேன். அந்த அம்மா இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.