இடப்பக்கக் கதவின் கைப்பிடி

கறுப்பு கார் வேண்டாம் என்று அவள் சொன்னபோதே கேட்டிருக்கலாம். செம்பனைத் தோட்டத்துக்குள் குடியிருந்துகொண்டு, நாளெல்லாம் பழக்குலை ஏற்றிய லாரிகள் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போகிற பாதையோரம் வீட்டை வைத்துக்கொண்டு, கறுப்பில் கார் வாங்க என்னைப் போல ஓர் ஆள்தான் வேண்டும். எனக்கு வேலை செம்பனை ஆலையின் எடை மேடையில். காலையிலிருந்து சாயங்காலம் வரை சேறு அப்பிய லாரிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு வீட்டு வாசலிலாவது பளிச்சென்று ஒரு வண்டி நிற்கட்டும் என்று ஆசை இருக்காதா? மனைவியிடம் இப்படித்தான் வாதாடினேன். "கழுவப் போறது நீங்கதானே, வாங்குங்கலா" என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்கிவிடுவேன். வெயிலில் கழுவினால் தண்ணீர் துளித்துளியாகக் காய்ந்து வெள்ளைப் புள்ளி விழும். கறுப்பு பெயிண்ட்டில் அது அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். முதலில் சக்கரங்கள். பிறகு மேலிருந்து கீழே தண்ணீர் அடித்து மண்ணை ஊறவிட வேண்டும். ஊறாத மண்ணைத் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் கார் கழுவுகிற சோப்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் துடைத்ததும், கையில் மாட்டித் தேய்க்கிற பஞ்சுக் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி, மண்ணை இறக்கிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் முக்க வேண்டும். இந்த இரண்டு வாளி விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். ஒரு தடவை அவள் அவசரத்தில் என் அலசும் வாளியில் வீடு துடைக்கிற துணியை நனைத்துவிட்டாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தை அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் நடித்தே காட்டியிருக்கிறாள். நன்றாக நடித்தாளாம்.

அவளால் அந்தக் காருக்கு எப்போதும் இரண்டு தொந்தரவுகள். ஒன்று, இடப்பக்கத்துக் கண்ணாடி. வண்டி தோட்டத்து மண் பாதையைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியதும் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். தேங்காயெண்ணெய்த் தலை. உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய் வட்டம் அங்கே விழும். ஞாயிற்றுக்கிழமை துடைத்தால் திங்கட்கிழமை மறுபடி ஆஜர். இன்னொன்று, அந்தக் கதவின் கைப்பிடிக்குப் பின்னால் விரல் நுழைவதற்கென்று இருக்கிற குழி. அவள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் ஆசிரியை. வலது கையில் எப்போதும் ஏதாவது இருக்கும், பிள்ளைகளின் ஓவியக் கட்டு, குடை, சாப்பாட்டு டப்பா. இடது கையால்தான் கதவைத் திறப்பாள். நகத்தை அளவாக வெட்டுகிற பழக்கமும் கிடையாது. அந்தக் குழி முழுக்க நகக் கீறல், பிறை பிறையாக, ஒன்றன் மேல் ஒன்றாக.

வருடத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு முந்தின வாரம், லுக்குட் டவுன் கடையில் காம்பவுண்ட் வாங்கி வருவேன். பற்பசை மாதிரி இருக்கும், கீறலைத் தேய்த்து எடுக்கிற மருந்து. வண்டி முழுக்க அதைப் போட்டுத் தேய்த்து, துடைத்து, அதன் மேல் மெழுகு பூசி முடிக்க ஒரு நாள் போய்விடும். அந்தக் குழியை மட்டும் கடைசிக்கு வைப்பேன். பாலிஷ் போடுகிற மிஷின் உள்ளே நுழையாது. சுண்டு விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கழுத்தை ஒடித்துக்கொண்டு தேய்க்க வேண்டும். அவள் வாசலில் நின்று, "இந்த வீட்டுல எனக்கு ஒரு அடையாளம் இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே" என்பாள். அடுத்த வாரமே கீறி வைத்துவிடுவேன் பாருங்கள் என்றும் சொல்வாள். வைத்தும் விடுவாள்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் போனது. சர்க்கரை வியாதி பல வருடமாக இருந்தது. அது தன் வேலையை உள்ளே சத்தமில்லாமல் செய்திருக்கிறது. இடது கையில் சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்தார்கள். டயாலிசிஸ் ஊசி போடுவதற்கான வழி அது. அந்த இடத்தைத் தொட்டால் பூனை வயிற்றில் கை வைத்த மாதிரி கிர்ரென்று உள்ளே ஓடும். என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுவாள். எனக்குப் பயமாக இருக்கும், அவளுக்குச் சிரிப்பு வரும். அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, வெடுக்கென்று இழுக்கவும் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த அன்று, பழக்க தோஷத்தில் அவள் இடது கையைக் கார்க் கதவுக்கு நீட்டினாள். நான் ஓடிப்போய்த் திறந்தேன்.

அன்றிலிருந்து அந்தக் கதவைத் திறப்பது என் வேலை ஆனது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆலையில் கேட்டு இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன். நான் கதவைத் திறந்து பிடித்தால் தாடையைத் தூக்கிக்கொண்டு, அரசாங்கப் பட்டம் வாங்கிய யாரோ டத்தோவின் மனைவி போல மெதுவாக ஏறுவாள். நானும் சும்மா இருக்க மாட்டேன். "டத்தின், ஏறலாமா?" என்று குனிவேன். ஒரு நாள் அவசரத்தில் துப்பட்டா நுனி வெளியே கிடந்ததைப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டேன். கிழிந்துவிட்டது. அவளுக்குப் பிடித்த துப்பட்டா. அதற்குப் பிறகு அவளே ஒரு சட்டம் போட்டாள். துப்பட்டாவை இழுத்து மடியில் வைத்து, கால்களை உள்ளே வாங்கி, எல்லாம் சரியானதும், "ம், சாத்துங்க" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் நான் சாத்த வேண்டும். முடியாத நாட்களில் உட்காருவதற்கே நேரமாகும். வெயிலோ மழையோ, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் குரல் வரும், சாத்துவேன், சுற்றிக்கொண்டு என் பக்கம் வருவேன்.

போன தீபாவளிக்கும் காம்பவுண்ட் போட்டேன். அவள் நாற்காலியைப் போட்டுத் தகரக் கூரை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. கார் கூரையில் ஓர் இடம் விட்டுப்போச்சு, பம்பரில் மைனா எச்சம் இருக்கு என்று அங்கிருந்தே வேலை வாங்கினாள். கடைசியில் நான் சுண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு குழிக்குள் பழைய கீறல்களைத் தேய்க்க உட்கார்ந்தபோது அவள் அடையாளம் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இனிமே சுத்தமாத்தான் இருக்கும், நானா தொறக்கிறேன்" என்றாள். நான் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அந்த வருடம் குழி கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு கோடு இல்லை.

அவள் போனது காய்ச்சலில். காய்ச்சல்தானே என்று சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது எனக்குப் பக்கத்தில் சீட் காலியாக இருந்தது. இதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

மின்சுடலையிலிருந்து வந்ததும் என்னை நேராகப் பின்பக்கம் குளிக்க அனுப்பிவிட்டார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்குப் போய் வந்த ஆள் குளிக்கிற மாதிரி, போய் வந்த வண்டியும் குளிக்க வேண்டும். கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் அதை வாசலில் நிறுத்தலாம். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் மைத்துனர், அவளுடைய தம்பி, காரைக் கழுவி முடித்திருந்தார். அக்கா மேல் உயிரையே வைத்திருந்த மனிதர். எனக்கு அந்தக் கார் எப்படி என்றும் அவருக்குத் தெரியும். அதனால் பேருக்கு ஒரு வாளி ஊற்றி நிறுத்தவில்லை. ஒரே வாளியில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு, அடுப்படியில் கிடந்த பச்சை நார். அதை வைத்து வண்டி முழுக்கத் தேய்த்திருக்கிறார். உள்ளேயும் விடவில்லை. அவள் கழுத்துக்கு வைக்கிற தலையணையை, போர்த்திக்கொள்கிற கைலியை, இறந்தவருடைய சாமான் வண்டியில் இருக்கக் கூடாது என்று எடுத்து எரித்துவிட்டார். சீட்டைத் துடைத்தார். கண்ணாடிகளைப் பழைய பேப்பரால் பளபளவென்று துடைத்தார்.

ஈரம் சொட்ட நான் வந்து நின்றேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பச்சை நார் பட்டதற்கு நான் என்ன சொல்வேனோ என்று பார்த்திருக்கலாம்.

"மாமா, அக்கா இருந்தா நீங்க எப்படி வெச்சிருப்பீங்களோ அப்படியே வெச்சிருக்கேன்" என்றார். கண் சிவந்திருந்தது.

நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கறுப்பின் மேல் மஞ்சள் துளிகள் காய்ந்துகொண்டிருந்தன. இடப்பக்கம் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். தோட்டத்து மரங்கள் அதில் ஒரு தூசு இல்லாமல் தெரிந்தன. அவள் தலை சாய்ந்த இடம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதில்தானே சாய்ந்துகொண்டு வந்தாள்? நான் மறுபடி பின்பக்கம் போனேன், குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதேன். எண்ணெய்க் கறைக்கு அழுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

மறுநாள் காலை சீ ரூசா கடற்கரையில் அஸ்தியைக் கரைக்கப் போக வேண்டியிருந்தது. ஜொகூரில் வேலை பார்க்கிற என் மகள் உள்ளே சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் எனக்குக் கைப்பிடிக் குழி நினைவுக்கு வந்தது. பச்சை நார் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்காது. போயிருந்தாலும் நகக் கீறல் சோப்புக்குப் போகாது, காம்பவுண்ட் போட்டால்தான் போகும். ஓடினேன். மண்டியிட்டு, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். விரலை விட்டுத் தடவியும் பார்த்தேன்.

வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. போன தீபாவளிக்கு நான் தேய்த்து வைத்தது அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கதவைத் தொடவே இல்லையே. நான் ஒரு நாள் தவறாமல் திறந்துவிட்டேனே. ஒரே ஒரு நாளாவது நான் வர நேரமாகி, பொறுமை போய், நர்ஸ் சொன்னதை மறந்து அவளே திறந்திருக்கக் கூடாதா என்று அங்கே மண்டியிட்டபடி நினைத்தேன். அந்தக் கைக்கு ஆபத்து வரட்டும் என்று நினைக்கிற மாதிரிதான் அது. தெரிந்தேதான் நினைத்தேன். மகள் சட்டியோடு வெளியே வந்தாள். எழுந்து கதவைத் திறந்து பிடித்தேன். தனக்காகத் திறந்தேன் என்று நினைத்து மகள் ஏறிக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நான் காரைக் கழுவவில்லை. எடை மேடைக்கு வருகிற லாரிகளுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. செம்மண் ஏறி, அதன் மேல் மழை பெய்து, மறுபடி ஏறி, வண்டி கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாது. லாரிக்காரர்கள் வாய் வரை வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டார்கள்.

இந்த மாதம் மகள் மறுபடி வந்திருந்தாள். பழையபடி காலை ஷிப்டுக்கு மாறியிருந்த நான் சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பினேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, காலையில நீங்க கிளம்புறத ஜன்னல்ல பார்த்தேன். அம்மா டோர தொறந்து பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அப்புறம் சாத்திட்டு உங்க பக்கம் போனீங்க. தினமுமா?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. அப்படிச் செய்கிறேன் என்பதே அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு மகள் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் அழுதாள். சத்தம் வாசலுக்குக் கேட்டது.

மறுநாள் ஞாயிறு. இரண்டு வாளியையும் எடுத்து வைத்தேன். மண்ணை ரொம்ப நேரம் ஊறவிட்டேன். கூரை, பானெட், வலப்பக்கம் என்று கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பச்சை நார் போட்ட சுழல் சுழலான கீறல்கள் வெயிலில் தெரிந்தன. அவை இருக்கட்டும். இடப்பக்கக் கதவுக்கு வந்தபோது கைப்பிடிக் குழிக்குள் வெறும் தண்ணீர் விட்டு, செம்மண் கரைந்து ஓடியதும் உற்றுப் பார்த்தேன். உள்ளே கீறல். மெல்லிய பிறைகள், நாலைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக. விரலை விட்டுத் தடவினேன். பிறகு என் கையைப் பார்த்தேன். அவள் போனதிலிருந்து நான் ஒழுங்காக நகம் வெட்டவில்லை.

என்னுடையவைதான். அவளுடையது ஒன்றுகூட அங்கே இல்லை, இனி வரப்போவதும் இல்லை. இந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது, அதனால் காம்பவுண்டும் கிடையாது. அடுத்த வருடம் வந்தாலும் அந்தக் குழியை நான் தேய்க்கப்போவதில்லை.

கழுவி முடித்துக் கதவோரத்து ஈரத்தைத் துடைப்பதற்காக அந்தக் கதவைத் திறந்தேன். துடைத்தாயிற்று. வெயில் ஏறிவிட்டது. உள்ளேயிருந்து, "அப்பா, சாப்பிட வாங்க" என்று மகள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். நான் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது சாத்தலாம் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.