மச்சம் எந்தப் பக்கம்

என் மனைவியின் முகம் எனக்கு மனப்பாடம் என்று நம்பியிருந்தேன். நான் வாழ்க்கையில் நம்பிய விசர்க்கதைகள் கனக்க உண்டு. என் பழைய மோட்டார்சைக்கிளை விற்றவர், இது ஒரு வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓடினது என்று சொன்னதையும் நம்பி வாங்கியவன் நான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தவேண்டியது இந்த நம்பிக்கையைத்தான். கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வீட்டில் பார்த்த முகம், கண்ணை மூடினால் வராதா என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். நித்திரை வந்தது.

அவள் கனடாவுக்குப் போனது மகளின் பிள்ளைப்பேறு பார்க்க. ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள். பேரன் பிறந்தான். பல் முளைக்கட்டும், வாறன் என்றாள். பல் முளைத்தது. நடக்கட்டும், வாறன் என்றாள். அவன் நடந்து, ஓடி, ஒரு பூச்சாடியையும் விழுத்தி உடைத்த பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் இரண்டு பேரையும் அங்கேயே கூப்பிட்டு வைத்துக்கொள்ளப்போவதாக மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கள் ஊர் பண்டத்தரிப்பை விட்டுப் போக மனமில்லை. அவளுக்குப் பேரனை விட்டு வர மனமில்லை. இரண்டு பேரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வெங்காயத்தின் விலையைப் பற்றியும் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பற்றியும் கதைத்தோம்.

ஒவ்வொரு பின்னேரமும் வீடியோவில் அழைப்பாள். ஆனால் வருவது பேரன். திரை நிறையப் பேரனின் கன்னம், பேரனின் வாய், வாய்க்குள் போகப்போகிற ஏதோவொரு பொருள். அவன் தலைக்குப் பின்னால் அவளுடைய ஒரு காதும் வாய்க்குக் கீழே நாடியில் பாதியும் தெரியும்.

"உம்மடை முகத்தையும் ஒருக்கால் காட்டும்" என்பேன்.

"என்ரை முகத்திலை இனி என்ன புதுசாக் கிடக்கு? இவனைப் பாருங்கோ, உங்களைப் போலவே முழிக்கிறான்."

பேரனைப் பார்ப்பதுபோல் அந்தப் பாதி நாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் தனியாக இருக்கிற நடுத்தர வயது ஆம்பிளை ஒன்றில் குடிக்கத் தொடங்குவான், இல்லாவிட்டால் கோயில் நிர்வாகசபைக்குள் போவான். எனக்கு இரண்டுக்கும் பயம். அதனால்தான் யாழ்ப்பாண நகரில் சனிக்கிழமைகளில் நடந்த ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். 'உயிருள்ள ஆளைப் பார்த்து மனித உருவம் வரையப் பழகலாம்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். காசு கட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் மூளை வேலை செய்யத் தொடங்கியது. வெளிநாடுகளில் இப்படியான வகுப்புகளில் உடுப்பில்லாமல் ஆட்கள் வந்து நிற்பார்களாமே! முதல்நாள் திருநீற்றை மூன்று குறியாக இழுத்துப் பூசிக்கொண்டு, ஓடுவதற்கு வசதியாகக் கதவோரக் கதிரையில் போய் இருந்தேன். வந்தவர் குருநகர்க்காரர், காலையில் மீன் விற்கிறவர். கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீளக்கைச் சேட்டு, மினுக்கிய களிசான், சப்பாத்து.

"என்ரை படம் கீறுறதெண்டால் கோயிலுக்குப் போடுற சேட்டைத்தானே போடவேணும்" என்று சொல்லிவிட்டு இருந்தார். இருந்த கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

படிப்பித்த மிஸ்ஸுக்கு என் மகளின் வயது இருக்கும். கையை நீட்டி, ஒரு தென்னோலை ஈர்க்கைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஆளின் தலை எவ்வளவு, தோளிலிருந்து முழங்கை எவ்வளவு என்று அளக்கப் பழக்கினார். என் படத்தைப் பார்த்துவிட்டு ஈர்க்கைக் கீழே வைத்தார்.

"அங்கிள், நீங்கள் அவரைப் பாக்கேல்லை. மனுசர் எண்டால் இப்பிடித்தான் இருப்பினம் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதைக் கீறியிருக்கிறியள். பேப்பரை விட்டிட்டு ஆளைப் பாருங்கோ."

"ஆள் நித்திரை, மிஸ்."

"நித்திரை கொள்ளுறவரையும் பாக்கலாம்."

அடுத்த கிழமை, வீட்டில் உள்ள ஓர் ஆளைக் கதிரையில் இருத்தி வரைந்துகொண்டு வரச் சொன்னார். வீட்டில் உள்ள ஆள் நான்தான் என்றேன். கண்ணாடியைப் பார்த்து வரையச் சொன்னார். வரைந்துகொண்டு போனேன். "ஏன் அங்கிள் இவ்வளவு பயந்துபோய் இருக்கிறியள்?" என்று கேட்டார். கண்ணாடிக்குள்ளும் அப்படித்தான் இருந்தது என்று நான் சொல்லவில்லை.

அன்று மோட்டார்சைக்கிளில் திரும்பி வரும்போதுதான், மனைவியை வரையலாம் என்ற எண்ணம் வந்தது. அவள் முன்னால் இருக்கவேண்டிய அவசியமே இல்லை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! குசினி மேசையில் பேப்பரை விரித்து வரைந்தேன். கண் வந்தது, மூக்கு வந்தது, நடு உச்சி பிரித்த தலை வந்தது. எல்லாம் வந்து முடிந்தபோது பேப்பரில் இருந்தவள் கலண்டரில் வருகிற லட்சுமி. காசு கொட்டாததுதான் குறை. என்ன விட்டுப்போனது என்று யோசித்தேன். மச்சம்! அவள் நாடியில் ஒரு மச்சம் உண்டு, உழுத்தம்பருப்பில் பாதி அளவு. பென்சிலைக் கொண்டுபோனேன். கை நடுவழியில் நின்றது. எந்தப் பக்கம்?

ஒரு மனுசனுக்கு இப்படி வியர்க்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கலியாண அல்பத்தை எடுத்தேன். அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் மச்சத்தைக் குறை என்று நினைத்து, என் மனைவியின் நாடியைத் துடைத்து மினுக்கி வைத்திருந்தார். போனில் கிடந்த படங்களைப் பார்த்தேன். அவளே தன்னைப் பிடித்த படத்தில் மச்சம் ஒரு பக்கம், மற்றவர்கள் பிடித்த படத்தில் மறுபக்கம். எதை நம்புவது? அவளிடம் கேட்கலாம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்திவிட்டு, உம்முடைய மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்கிற துணிவு எனக்கு இல்லை. மகளிடம் கேட்டால் அது நேரே தாயிடம்தான் போய் நிற்கும்.

அன்றைய அழைப்பில் தந்திரமாகத் தொடங்கினேன்.

"பத்து நிமிசம் ஆடாமல் அசையாமல் போனைப் பாத்துக்கொண்டிரும். நான் உம்மைக் கீறப்போறன்." ஈர்க்கை நீட்டிப் பிடித்தேன்.

"அதென்ன கையிலை? அடிக்கப்போறியளோ?"

"அளக்கிறன்."

"உங்களுக்கு விசர் முத்திப்போச்சு. பேசாமல் போய்ச் சாப்பிடுங்கோ" என்றாள். ஆனாலும் பேரனை மடியில் இறக்கிவிட்டு இருந்தாள். மங்கலான வெளிச்சம், முகம் பாதி நிழலுக்குள். அசையவேயில்லை. குருநகர்க்காரரைவிட இவள் எவ்வளவோ திறம் என்று மெச்சிக்கொண்டு நெற்றியை அளந்தேன், கன்னத்தை அளந்தேன். நாடிக்கு வந்தபோதுதான் லைன் உறைந்துபோய் நிற்பது தெரிந்தது. அவள் எப்போதோ எழும்பிப் போயிருந்தாள்.

கடைசியில் காசைச் சுண்டிப் பார்த்து, வலப்பக்கம் என்று முடிவு செய்தேன்.

பென்சில் படத்தை வைத்துக்கொண்டு பெரிய கன்வஸில் வர்ணத்தில் தீட்டத் தொடங்கினேன். முன் விறாந்தைக்கு நேரே உள்ள ஹோலில்தான் வெளிச்சம் நல்லது. கதிரையில் வர்ணம் பட்டால் வந்தவுடன் ஏசுவாள் என்று, கதிரைமேல் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் படத்தை வைத்தேன். வருவாள் என்ற நினைப்பில்தான் அந்த வேட்டியை விரித்தேன். தூரிகை கழுவ ஒரு செம்பில் தண்ணீர். ஒரு பின்னேரம் வேலை நல்லாய் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால்தான் நிழல் தெரியும் என்று மிஸ் சொல்லியிருக்கிறாரே! சாமியறைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து படத்தின் பக்கத்தில் கொளுத்தி வைத்தேன். என் புருவத்தில் வர்ணம் பட்டுவிட்டது. கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன். சவுக்காரம் கண்ணுக்குள் போனது.

எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிற ஆளின் படத்தை வாசலைப் பார்க்க வைத்து, வெள்ளைத் துணி விரித்து, செம்பில் தண்ணீரும் வைத்து விளக்குக் கொளுத்துவதில்லை. இப்போது எழுதும்போது இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! அப்போது என் புத்தி முழுக்க மச்சத்தில் இருந்தது.

கிணற்றடியில் நிற்கும்போது வீட்டுக்குள் குழறுகிற சத்தம் கேட்டது. ஓடிவந்தேன். பக்கத்து வீட்டு அக்கா படத்துக்கு முன்னால் குந்தியிருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ என்ரை தங்கச்சி! சொல்லாமல் கொள்ளாமல் போட்டியே!"

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அக்காவின் மகளும் கனடாவில் அதே நகரத்தில்தான் இருக்கிறாள். அங்கே என் பேரனுக்குக் காய்ச்சல் என்றால், எனக்கு முதலே அக்காவுக்குத் தெரியும். ஆகவே அக்கா படத்தைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. செய்தி வந்துவிட்டது என்றே நினைத்தேன். என் கோலமோ வெறும் மேல், நாலு நாள் தாடி, சிவந்த கண். என்னைப் பார்த்த அக்காவுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

"எப்ப தம்பி?" என்று கேட்டார்.

"எப்பவாம் அக்கா?" என்று நான் கேட்டேன்.

"ஐயோ, தம்பிக்கு அறிவும் கலங்கிப்போச்சே!"

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்துவிட்டேன். போனை எடுத்து அவளை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மகளுக்கு அடித்தேன். அவளும் எடுக்கவில்லை. அதற்குள் வேலிக்கு மேலால் கதை போய், நாலு வீட்டுப் பெண்கள் வந்து நிலத்தில் இருந்தார்கள். வாசிகசாலையிலிருந்து கதிரைகள் வந்து இறங்கின. அக்காவின் கணவர் குனிந்து என் காதுக்குள் கேட்டார்.

"பிரேதத்தை இஞ்சை கொண்டுவருவினமோ, இல்லாட்டி அங்கையே எரிச்சுப்போட்டுச் சாம்பலை அனுப்புவினமோ?"

"ஓம்" என்றேன்.

"எண்டாலும் முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி கீரிமலையிலைதான் செய்யவேணும், என்ன?"

"ஓம்."

எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் வாயில் வந்தது. பெண்கள் அவளைப் பற்றிச் சொல்லி அழுதார்கள். அவள் சுட்ட தோசை, அவள் கொடுத்த முருங்கைக்காய், அவள் சண்டை பிடித்த நாட்கள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் வலப்பக்கத்து மச்சம் ஈரமாக மினுங்கியது. ஒருவரும் அது பிழை என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இனி நான் ஆரிடம் கேட்பேன்? அந்த நேரத்தில் வேறு ஒன்றுமே எனக்குள் ஓடவில்லை. அது எந்தப் பக்கம் என்று இனி ஆருக்குத் தெரியும்?

போன் அடித்தது. திரையில் அவள். பேரன் இல்லை. திரை நிறைய அவள் முகம் மட்டும்.

"இஞ்சேருங்கோ, நான் எப்ப செத்தனான்?"

அக்கா போனைப் பறித்தார். "எடியே, நீ உயிரோடையோ இருக்கிறாய்?"

"ஓம் அக்கா. பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு நிண்டனான், அதுதான் போன் எடுக்கேல்லை. நீங்கள் போனிலை குழறினதைக் கேட்டு உங்கடை மகள் அழுதுகொண்டு எங்கடை வீட்டு வாசலுக்கே வந்திட்டாள். கதவைத் திறந்தது நான். அவள் மயங்கி விழாத குறை."

சிரிப்பு எழும்பியது. அக்கா எனக்கு முதுகில் ஒரு அடி போட்டார். வந்தவர்கள் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்கள், கதிரைகள் திரும்பிப் போயின, கரண்டும் வந்தது. எல்லோரும் போன பிறகு அவள் திரும்ப அழைத்தாள்.

"அந்தப் படத்தைக் காட்டுங்கோ பாப்பம்."

காட்டினேன். கன நேரம் பார்த்தாள்.

"நாடியிலை உது என்ன?"

"மச்சம்."

"என்ரை மச்சம் உந்தப் பக்கமோ?"

நான் படத்தை மெல்ல மறுபக்கம் திருப்பினேன். பிறகு கேட்டாள்.

"அக்கா அழேக்கை நீங்களும் அழுதனீங்களோ?"

"கண்ணுக்குள்ளை சவுக்காரம் போட்டுது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"ஓம்."

பின்னால் பேரன் அழத் தொடங்கினான். அவள் திரும்பவில்லை. "நான் வந்து முன்னாலை இருக்கிறன். பாத்துக் கீறுங்கோ" என்றாள். திரை நிறைய அவள் முகம் இருந்தும், மச்சத்தைப் பார்க்க நான் மறந்துபோனேன். அது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை வந்தாள். யன்னலோரம், படத்தை வைத்திருந்த அதே கதிரையில் இருந்தாள். ஈர்க்கை நீட்டினால் சிரித்தாள். அடுப்பில் கறி கிடக்கு என்று எழும்பிப் போனாள், வந்து வேறு பக்கம் பார்த்து இருந்தாள். தேர் முடிந்து, தீர்த்தமும் முடிந்த பிறகு திரும்பிப் போனாள். பேரன் தேடுகிறானாம். நான் போகவில்லை.

அவளைப் பார்த்துத் தொடங்கிய புதுப் படம் முடியவில்லை. நெற்றி இருக்கிறது, ஒரு கண் இருக்கிறது, நாடி இருக்கிறது. மச்சம் இடப்பக்கம்.