பிரிக்க முடியாத பத்துக் கட்டு

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் நான் பார்த்த வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. தொடக்கப் பள்ளிக் கணக்குப் பாடத்துக்கு வேண்டிய அட்டைகள், மணிச்சட்டங்கள், குச்சிக் கட்டுகள் செய்து கொடுப்பேன். மாணவிகள் பாடம் நடத்திப் பழகப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். வேதாரண்யத்தில் உப்பு வாரினேன், முத்துப்பேட்டையில் படகுகளுக்குப் பெயின்ட் அடித்தேன், கேரளாவில் மரம் அறுத்தேன். எதிலும் நிலைக்காமல் திருப்பனந்தாள் பக்கம் வந்து ஒதுங்கியபோது, பெயின்டும் பலகையும் தெரிந்த ஆள் வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ஆசிரியராகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. மலர்க்கொடியின் செய்முறைத் தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மலர்க்கொடி வேதாரண்யத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கருவாடு விற்பவர். எழுத்துத் தேர்வுகளில் தேறிவிட்டாள். செய்முறைத் தேர்வில், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் உண்மையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டுவதில், முதல் தடவை தவறிவிட்டாள். இந்தத் தடவையும் போனால் திருப்பூர் பனியன் கம்பெனி என்று வீட்டில் முடிவாகிவிட்டது. கூட்டிப்போக ஆள்கூடத் தயாராக இருந்தார்.

தேர்வுக்கு முந்தின வாரம் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஈர்க்குச்சிக் கட்டு வேணும். நீங்க ரப்பர் பேண்டு போட்டுத் தர்றது லூசா இருக்கு. போன தடவ பாதிப் பாடத்துல அறுந்து மேஜ பூராவும் சிதறிடுச்சு. டி.எல்.எம். மார்க்குல கைய வச்சுட்டாங்க."

டி.எல்.எம். என்றால் பாடத்துக்குப் பயன்படுத்தும் பொருள்கள். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அதனால் பளபளப்பாகச் செய்வது எங்கள் நிறுவனத்தில் வழக்கமாகிவிட்டது. மலர்க்கொடி என்னிடம் குச்சியும் பசையும் வாங்கிப்போய், பத்துப் பத்தாகச் சேர்த்து விடுதியில் வைத்து ஒட்டினாள். மேலே பச்சை பெயின்ட், அதன்மேல் வார்னிஷ். எங்கள் முதல்வர் ஒரு கட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கடையில வாங்குன மாதிரில்ல இருக்கு! இந்தத் தடவ ஒனக்குக் கவலையே இல்லம்மா."

தேர்வு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நடந்தது. மூன்றாம் வகுப்பு. பாடம், கடன் வாங்கிக் கழித்தல். தேர்வாளர் ஒரு பெண்மணி, ஓய்வுபெறும் வயது. நான் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலோரம் நின்றேன். முதல்வர் வராந்தா ஜன்னல் அருகில் நின்றார்.

மலர்க்கொடி கரும்பலகையில் 42 என்று எழுதி, கீழே 17 எழுதிக் கோடு போடவில்லை, அதற்குள் வகுப்பு கத்தியது.

"இருபத்தஞ்சு!"

இதுவும் எங்கள் வழக்கம்தான். அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு முன்கூட்டியே நடத்திவிடுவோம். தேர்வாளர் சிரிக்கவில்லை.

"ஏம்மா, புள்ளைங்கள்லாம் ஜோசியம் படிச்சிருக்காங்களா?"

அவரே எழுந்து வந்து கணக்கை அழித்தார். 53, அதன் கீழே 26 எழுதினார். கடைசி வரிசையில் இருந்த யாழினி என்ற பெண்ணைக் கூப்பிட்டார்.

யாழினி சாக்பீசை வாங்கி 33 என்று போட்டாள். மூன்றிலிருந்து ஆறு போகாது, ஆகவே ஆறிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டாள். இந்த வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் செய்வதுதான்.

"மூணுலேர்ந்து ஆறு எடுக்க முடியுமா யாழினி?" என்றாள் மலர்க்கொடி.

"முடியாது டீச்சர்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"பக்கத்துல கடன் வாங்கணும்."

"வாங்கு."

மேஜைமேல் ஐந்து பச்சைக் கட்டுகளையும் மூன்று தனிக் குச்சிகளையும் மலர்க்கொடி எடுத்து வைத்தாள். யாழினி ஒரு கட்டை எடுத்தாள். பிரிக்கப் பார்த்தாள். நகத்தால் கீறினாள், முறுக்கினாள்.

"டீச்சர், இது பிரியல."

"கடிச்சுப் பாருடி!" என்றது முன்வரிசை. வகுப்பே சிரித்தது. யாழினிக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பிரிச்சதா வச்சுக்கிட்டு பதிமூணுன்னு போர்டுல எழுதுங்க. மேல போங்க, டைம் ஆகுது."

அப்படி எழுதியிருந்தால் பாடம் பழுதில்லாமல் முடிந்திருக்கும். மலர்க்கொடி சாக்பீசைக் கையில் எடுத்தும்விட்டாள். "யாழினி, பிரிச்சதா நெனச்சு..." என்று ஆரம்பித்தவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பெட்டியில் தனிக் குச்சி வேறு இல்லை. சாக்பீசை வைத்துவிட்டுக் கதவு மூலைக்குப் போனாள். அங்கே வகுப்பு பெருக்கும் ஈர்க்குமாறு சாத்தியிருந்தது. அதன் கயிற்றை உருவினாள்.

"டீச்சர், அது தொடப்பம்!" என்று பிள்ளைகள் அலறினார்கள்.

"என்னம்மா பண்ற!" இது ஜன்னலிலிருந்து முதல்வர்.

அவள் திரும்பவில்லை. ஒரு கைப்பிடி குச்சியை உருவி முந்தானையால் துடைத்து மேஜைமேல் போட்டாள்.

"அந்தக் கட்ட எங்கிட்ட குடு. அதுக்குப் பதிலா இதுல எண்ணி எடுத்துக்க. எத்தன எடுப்ப?"

யாழினி யோசித்தாள். "பத்து."

ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தாள். வகுப்பும் சேர்ந்து எண்ணியது. முன்னால் இருந்த மூன்றோடு சேர்த்துப் பதிமூன்று. அதில் ஆறை ஒதுக்கினாள், ஏழு நின்றது.

"இப்ப கட்டு எத்தன?"

"நாலு."

"அஞ்சுல்ல இருந்துச்சு?"

"ஒண்ணத்தான் ஒங்ககிட்ட குடுத்துட்டனே டீச்சர்!" அவளுக்கு மலர்க்கொடி மேல் கோபமே வந்துவிட்டது.

நாலில் இரண்டை எடுத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே போய்க் கரும்பலகையில் 33ஐ உள்ளங்கையால் அழித்து 27 என்று எழுதினாள்.

பாடம் முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் முதல்வர் பிடித்துக்கொண்டார். "எக்ஸாமினர் மேஜ மேல தொடப்பத்தப் போட்டிருக்க. ஒரு வார்த்த வாயால சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? வீட்ல என்ன சொல்லப்போற?"

மலர்க்கொடி படியில் உட்கார்ந்து துடைப்பத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிறு வழுக்கி முடிச்சு விழவில்லை. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

தேர்வாளர் ஒரு பச்சைக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் எழுந்தாள்.

"இத ஏம்மா ஒட்டுன?"

"போன தடவ சிதறிடுச்சுன்னு மார்க் கொறச்சாங்க மேடம்."

அவர் அந்தக் கட்டை ஒருமுறை முறுக்கிப் பார்த்தார்.

"இதுக்கு மார்க் போட முடியாதும்மா. இது வேல செய்யல."

"சரிங்க மேடம்."

கட்டை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் மலர்க்கொடி சாப்பிடவில்லை. ஊருக்குப் போகத் துணிமணிகளை எடுத்துவைத்தாள்.

முடிவு வந்தபோது டி.எல்.எம். மதிப்பெண்ணில் தேர்வுக்கு வந்த மாணவிகளிலேயே அவள்தான் கடைசி. பாடம் நடத்தியதற்கு நல்ல மதிப்பெண் போட்டிருந்தார் அந்தத் தேர்வாளர். மொத்தத்தில் மயிரிழையில் தேறியிருந்தாள். போனில் அவள் அம்மா, "அப்ப திருப்பூர்காரர வரவேணாம்னு சொல்லிடவா?" என்று கேட்டாராம். "சொல்லிடும்மா" என்றாளாம் இவள்.

அதன்பிறகு எந்தப் பொருளைச் செய்தாலும் முதலில் பக்கத்துப் பள்ளியில் ஒரு சின்னப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறேன். பிரிக்கட்டும், சேர்க்கட்டும், கீழே போடட்டும். நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். பிள்ளைக்கு வேலை செய்தால்தான் பெட்டிக்குப் போகும். மாணவிகள் இன்னும் பசை கேட்டு வருகிறார்கள், மதிப்பெண் பயம் அவர்களுக்கு. சிதறினால் பொறுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லி ரப்பர் பேண்டைத்தான் கொடுக்கிறேன்.