பாஸ் எழுதிய தாளின் மறுபக்கம்

தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக என்பதுதான் பத்திரிகைத் தொழிலில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் விதி. மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி எந்த விதியும் இல்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் மலாக்கா நிருபர். அங்கே காஜா பேராங் பகுதியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. மரண அறிவிப்பு, கோயில் திருவிழா, கால்பந்து முடிவு இவைதான் வழக்கமான சரக்கு. மலாயா சுதந்திரமான மெர்டேக்காவை ஒட்டிய ஆண்டுகளில் செய்தியை விட விண்ணப்பப் பாரங்கள்தான் அதிகம் வந்தன. குடியுரிமை மனு, அடையாளக் கார்டு, பள்ளிச் சேர்ப்பு எல்லாம் ஆங்கிலத்தில். இதைப் படிக்கும் நீங்களும் ஏதோ ஒரு பாரத்தின் நாலாவது கட்டத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு விழித்தவர்கள்தானே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதைக் கேள்விப்பட்ட ஆசிரியர், வாரம் ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதன் பொருள்களையெல்லாம் கட்டம் கட்டிப் போடலாம் என்றார். பெரிய சொல்லுக்கு மக்கள் வெட்கப்படாமல் பொருள் கேட்டுவிடுவார்கள். சின்னச் சொல் தெரியும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆகவே சின்னச் சொல்தான் ஆபத்து. ஒரு வாரம் ‘பாஸ்’ என்ற சொல்லை எடுத்தேன். அகராதியைப் பார்க்காமல் ஊர் வாயிலிருந்தே சேகரிப்பது என்று எனக்கு ஒரு கர்வம்.

சினிமாக் கொட்டகை

நிருபர்களுக்குச் சினிமாவுக்கு இலவச பாஸ் உண்டு. அதைக் கொடுத்து உள்ளே போனால் கதவில் நிற்கும் காசிம் பாய் டிக்கெட்டுக்காரர்களை விட எங்களுக்குத்தான் முதலில் வழி விடுவார். ஆனால் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஒருநாள் படம் பாதியில் தலைவலி வந்து வெளியே வந்தேன். பாஸ் என்றால் உமக்கு என்ன பொருள் என்று அவரையே கேட்டேன். பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: “பாஸ்ல வர்றவர்தான் சார் படம் நல்லால்லேன்னு மொதல்ல எந்திரிச்சுப் போவாரு. காசு குடுத்தவன் கடைசி வரைக்கும் உக்காந்திருப்பான்.”

திடல்

எதிர்வீட்டுத் தேவன் பிள்ளை மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழி. பெயரும் பூசையும் நம்முடையவை, பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது உறவுமுறைப் பெயர்களும் படையல் சாமான்களின் பெயர்களும்தான். நகராட்சியில் குமாஸ்தா. சனிக்கிழமை மாலை கால்பந்துத் திடலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பார்ப்பதை விட அதிகம் கத்துவார்.

அன்று எங்கள் பக்கத்து ஆட்டக்காரன் ஒருவன் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்காமல் தனியாகவே ஓடி ஓடிப் பறிகொடுத்தான். “பாஸ்! பாஸ்!” என்று தேவன் பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆட்டத்தில் தோற்றோம். வீட்டுக்கு நடக்கும்போது மலாயில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “அண்ணன், பாஸ் என்றால் எல்லாப் பாஷைக்காரனுக்கும் புரிகிறது. பந்து யார் காலில் இருக்கிறதோ அவனுக்கு மட்டும் புரிவதில்லை.”

அப்போது சிரித்தேன்.

தோட்டத்து கேட்

பெருமாள் வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நாற்பதைத் தாண்டிய மனிதர். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கித்தா மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், மெர்டேக்காவுக்குச் சில மாதங்களுக்கு முன் டவுனுக்கு வந்து, எங்கள் தெரு முனையில் இருந்த ரொட்டிக் கிடங்கில் மாவு பிசையும் வேலையில் சேர்ந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. இந்தியாவில் ஊரில் இருக்கும் மனைவி மரகதம் யாரையோ பிடித்து எழுதி அனுப்பும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன், பதிலும் நான்தான் எழுதுவேன்.

அன்று அவர் கொண்டுவந்தது ஒரு பிரவுன் உறை. உள்ளே தோட்டத்துத் துரை டைப் அடித்துக் கையெழுத்திட்ட ஒரு தாள். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இவர் என்னிடம் வேலை செய்தார், நல்லவர் என்று. சுதந்திரத்துக்குப் பிறகு ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு மனுப் போட்டால் மலாய்த் தேர்வு கிடையாது. இத்தனை ஆண்டு இங்கே இருந்தேன் என்று காட்டினால் போதும். அதைக் காட்ட அவரிடம் இருந்தது அந்த ஒரு தாள்தான். “குடியுரிமை வந்துட்டா சம்சாரத்தையும் மகளையும் கூட்டிக்கலாம்னு சொல்றாங்கய்யா. பொண்ணுக்குப் பதினாறாச்சு. இங்க வந்துதான் கல்யாணம்னு அவ அம்மா புடிச்ச புடியா நிக்கிறா” என்றார்.

மனுப் பாரம் என்னிடம் தீர்ந்திருந்தது. நாளைக்கு வாங்கி வைக்கிறேன், இதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். பேச்சுவாக்கில் பாஸைப் பற்றியும் கேட்டுவைத்தேன். கம்யூனிஸ்டுகளை அடக்க அறிவித்த அவசரகாலத்தில் தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்களே, அந்தக் கேட்டைத் தாண்டப் பாஸ் வேண்டும். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக இவர் பாஸை நீட்டினாராம். காவல்காரன் அதைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தானாம். அவர் சொல்லச் சொல்ல, கைக்கு அகப்பட்ட தாளில் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்: “என் கையில பாஸ் இருந்துச்சு, அவன் கையில துப்பாக்கி இருந்துச்சு. படிக்கத்தான்யா ரெண்டு பேருக்கும் தெரியல.”

நாலு மணி பஸ்

எங்கள் செய்திக் கட்டு தினமும் நாலு மணி பஸ்ஸில் கோலாலம்பூர் போகும். கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டால் அங்கே அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். வெற்றுத்தாளுக்கு நிருபர்களுக்கு எப்போதும் பஞ்சம். திருமண அழைப்பு, கோயில் நோட்டீசு, கூட்டத் துண்டறிக்கை என்று பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் எதிலும் எழுதுவோம். குறிப்பு எடுத்த தாளைப் பார்த்து நல்ல தாளில் திரும்ப எழுதுவது முறை. அன்று மூன்றே முக்கால் ஆகிவிட்டது. எழுத்து தெளிவாகத்தானே இருக்கிறது என்று அந்தக் குறிப்புத் தாளையே, தேர்வு, மலைக்கணவாய், சட்டம் நிறைவேறுவது, சீட்டாட்டத்தில் கை விடுவது என்று மற்ற பொருள்களை எழுதியிருந்த தாள்களோடு சேர்த்துக் கட்டி, சைக்கிளில் பறந்தேன்.

மறுநாள் பாரம் வாங்கிவந்து உறையைத் திறந்தால் காற்று. மேசை, இழுப்பறை, குப்பைக்கூடை எல்லாம் தேடினேன். எதில் எழுதினேன் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. தபாலாபீசுக்கு ஓடி டிரங்க் கால் போட்டேன். அச்சுக்கோப்புப் பகுதி மேஸ்திரி பொறுமையான மனிதர். கோத்து முடித்த தாள்கள் காலையிலேயே அடுப்புக்குப் போய்விட்டன என்றார். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்ததே, ஒருவர் கண்ணிலுமா படவில்லை என்று நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை.

“ஒரு பக்கத்துலதான சார் எழுதுவீங்க. அந்தப் பக்கத்தை நாங்க எதுக்குத் திருப்பணும்?”

கிராணி

பெருமாளிடம் நான் சொன்னது, கடிதம் கட்டோடு கலந்து தவறிப்போய்விட்டது என்பது மட்டும். அதில் பொய் ஒன்றுமில்லை. உண்மையும் அதிகம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “இன்னொன்னு வாங்கிக்கலாம்யா, தொரை நல்ல மனுசன்” என்று என்னைத் தேற்றினார். இதற்குள் ‘பாஸ்’ கட்டம் வெளிவந்து, அதுவரை வந்த சொற்களிலேயே இதுதான் சிறந்தது என்று ஆசிரியரிடமிருந்து எனக்கு ஒரு பாராட்டுக் குறிப்பும் வந்திருந்தது.

இரண்டு பேரும் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனோம். துரை கப்பலேறி இரண்டு வாரம் ஆகியிருந்தது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றிருந்தார்கள். ஆள்பேர் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்களை யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதி காலி. அலுவலகத்தில் கணக்கை முடித்துக்கொடுக்க மட்டும் தோட்டத்துக் குமாஸ்தாவான பழைய கிராணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெருமாளைக் கண்டதும் எழுந்து வந்து தோளைத் தொட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், எந்த நிரையில் எந்த மரம் அவருடையது என்பது வரை சொன்னார். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னபோதுதான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பெருமாளை எனக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியும்னு எழுதத்தான் எனக்கு அதிகாரம் இல்ல.”

ஒரே கேள்வி

கடிதம் இல்லையென்றால், அந்த ஆண்டுகளில் கூட இருந்த இரண்டு பேர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள் குடியுரிமை அலுவலகத்தில். தோட்டம் கலைந்து ஆட்கள் எங்கெங்கோ போயிருந்தார்கள். ஒருவரைக் கிள்ளானில் கண்டுபிடித்தோம். இரண்டாமவரைத் தேடி முடிப்பதற்குள் சலுகை ஆண்டு கடந்துவிட்டது. தேவன் பிள்ளையிடம் சொன்னபோது இரண்டே சொல்லில் முடித்தார்: “சூடா லெபாஸ்.” கைவிட்டுப் போய்விட்டது என்று பொருள். இனி மலாய் வாய்மொழித் தேர்வு கட்டாயமாயிற்று. அதற்குத் தேவன் பிள்ளைதான் துணைக்கு வந்தார். மாலைதோறும் பெருமாளைத் தன் வீட்டு வாசலில் உட்காரவைத்து மலாயில் வம்பளந்தார். பெருமாளுக்கு ஏற்கெனவே சந்தை மலாய் தண்ணீர் பட்ட பாடு, கவலையே இல்லை என்றுதான் நினைத்தோம்.

அந்த நாட்களில் மரகதத்தின் கடிதங்கள் மாதம் ஒன்றாக வந்தன. மகளைக் கேட்டு வந்த இரண்டு இடத்தை அவள் தட்டிக்கழித்துவிட்டாள். எத்தனை நாள் தட்டிக்கழிப்பது என்று கேட்டிருந்தாள். கூடிய சீக்கிரம் காகிதம் வந்துவிடும் என்று பதில் எழுதினேன். பெருமாள் சொல்லித்தான் எழுதினேன். எழுதியது என் கை.

தேர்வு நாளன்று நான் வராந்தாவில் காத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். பெயர் கேட்டார்களாம், சொன்னார். வேலை கேட்டார்களாம், ரொட்டியைப் பற்றி விலாவாரியாகச் சொல்லி அதிகாரியைச் சிரிக்கவும் வைத்தார். பிறகு அந்த அதிகாரி நல்லவிதமாகத்தான் கேட்டாராம், “இஸ்திரி டி மானா?” என்று. மனைவி எங்கே என்ற அந்தக் கேள்விக்கு இவர் வாயைத் திறக்கவில்லை. மறுமுறை கேட்டும் திறக்கவில்லை. மொழி போதாது என்று குறித்து அனுப்பிவிட்டார்கள். படிக்கட்டில் என்னிடம் சொன்னார்:

“கேட்டது நல்லாப் புரிஞ்சுச்சுய்யா. அது புரிஞ்சதாலதான் பேச்சு வரல.”

பிரவுன் உறை

அடுத்த தேர்வுக்கு முறை வர வெகுநாள் ஆனது. அதற்கு முன்பே மரகதத்தின் கடிதம் வந்துவிட்டது. பெஞ்சில் அவர், நாற்காலியில் நான். வாசித்தேன். மகளுக்கு ஊரிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளை வீடு பக்கத்துத் தெரு, இனி அவளை விட்டு நான் கடல் தாண்டி வருவதாக இல்லை, நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெருமாள் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் முறை வாசிக்கும்போது எங்காவது ஒரு வரி மாறிவிடாதா என்று எனக்கே தோன்றியது.

ஆனாலும் தேர்வுக்குப் போனார். தேறினார். குடியுரிமைப் பத்திரம் வந்த அன்று, கிடங்கிலிருந்து சூடான ரொட்டி ஒன்றும் அதே பழைய பிரவுன் உறையும் எடுத்துக்கொண்டு வந்தார். பத்திரத்தை வைக்க உறையைத் திறந்தபோது உள்ளே மஞ்சளாகிப்போன ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. என் ‘பாஸ்’ கட்டம். அவர் சொன்னது அதில் அச்சாகியிருக்கிறது என்று கிடங்கில் யாரோ வாசித்துக் காட்டி, வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனை நாள் சொல்லாததை அன்றாவது சொல்லிவிடலாம் என்று, “பெருமாள், அந்தக் கடிதம் தொலைந்தது எப்படியென்றால்” என்று ஆரம்பித்தேன். அவர் ரொட்டியை என் பக்கம் நகர்த்திவைத்தார். குரலில் குறை ஒன்றும் இல்லை. ரொட்டிக்கு மாவு எவ்வளவு என்று சொல்வது போலத்தான் சொன்னார்:

“நீங்க அது பின்னாடி எழுதுறப்ப நான் பாத்துக்கிட்டுத்தானய்யா இருந்தேன். மனுதான் எழுதுறீங்கன்னு நெனச்சேன்.”

என் கட்டத்தில் ‘பாஸ்’ என்ற சொல்லுக்குப் பதினோரு பொருள் போட்டிருந்தேன், அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆகவே அதற்குத் திருத்தம் போடும் வாய்ப்பும் எனக்கு இல்லாமல் போயிற்று.