சுப்பையா அண்ணன் தேடிப்போன இசக்கிமுத்து

சுப்பையா அண்ணன் போய்விட்டார். இன்று காலை, பம்பாய்ப் பக்கம் டோம்பிவிலியில், மகன் வீட்டில். டீ கேட்டாராம்... டீ வந்தபோது அவர் இல்லை.

என் கடி ஜோக்குக்கு லைக் போடும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. அறுபதுகளில் தாராவியில் எங்கள் லைனுக்குத் தபால்காரர். அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். தெருவிளக்குக் கம்பம் மாதிரி உயரம். 'லேம்ப்-போஸ்ட்மேன்' என்று பெயர் வைத்தது நான்தான்.

எனக்கு வயது பதினாறு. வால் பதினேழு.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும் கார்டில் விலாசம் எங்கே ஒழுங்காக இருக்கும்? "பம்பாய், தாராவி, தண்ணி பைப் பக்கம், கட்டை மாடசாமி மருமகன் கையில் கொடுக்கவும்." அவ்வளவுதான். விலாசத்தில் விலா எலும்பு மட்டும் இருந்தால் போதும், சுப்பையா அண்ணன் முழு ஆளையும் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். டூட்டி முடிந்த பிறகும் தேடுவார்.

ஒருநாள் கேட்டேன்: "திருப்பி அனுப்பினா என்னண்ணே? சம்பளத்துலயா புடிக்கப் போறான்?"

"ஏலே, 'ஆள் இல்லை'ன்னு நான் எழுதி அனுப்பினா, அங்க ஒருத்தி தன் மவன் செத்துட்டான்னுல்லா நெனப்பா. 'இருக்கான் தாயி'ன்னு சொல்லத்தாம்ல எனக்கு இந்தக் காக்கிச்சட்டை."

அந்தச் சட்டையில் அவருக்கு அத்தனை பெருமை. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஆளே இல்லாத விலாசம் வந்தால் என்ன செய்வார்?

ஒரு கார்டு வாங்கினேன். பெரியவர்கள் எழுத்து மாதிரி கோணலாக எழுதினேன். "இசக்கிமுத்து, தோல் பட்டறை, தாராவி." உள்ளே ஒரே வரி... "அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. உடனே புறப்பட்டு வரவும். இப்படிக்கு, அண்ணன்."

தாராவியில் எத்தனை தோல் பட்டறை, எத்தனை இசக்கிமுத்து! அலையட்டும் லேம்ப்-போஸ்ட் என்று எங்கள் தெருப் பெட்டியிலேயே போட்டேன்.

அலைந்தார். முதல் நாள் பின்னாலேயே போய் மறைந்து நின்று சிரித்தேன். இரண்டாம் நாள் அவர் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எனக்கே ஒரு மாதிரி ஆகி, சொல்லிவிடலாம் என்று தெருமுனையில் காத்திருந்தேன்.

தூரத்திலேயே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"கண்டுபுடிச்சிட்டேம்ல! ஒம்பது இசக்கிமுத்து. எட்டுப் பேரு அந்த ஆளு இல்லை. ஒருத்தனுக்கு ஊர்ல அண்ணன் இருக்கான், அம்மைக்கு நெஞ்சுவலியும் இருக்கு. கார்டை வாசிச்சதும் உக்காந்து அழுதுட்டான் பாவம். வண்டி ஏத்திவிட்டுட்டுத்தான் வாரேன்."

வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. அப்படிச் சிரித்த முகத்தை நான் அதற்குப் பிறகு யாரிடமும் பார்க்கவில்லை.

நான் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து இசக்கிமுத்து திரும்பி வந்தான். குழாயடியில் என் முறை வந்து வாளியை வைத்துவிட்டு நிற்கிறேன். சுப்பையா அண்ணன் பையோடு வருகிறார். அவன் சண்டை போட வரவில்லை. கார்டை மட்டும் நீட்டினான்.

"எங்கம்மை நல்லாத்தாண்ணே இருக்கா. 'என்னல திடீர்னு வந்து நிக்க'ன்னு என்னைப் பாத்துத்தான் பயந்துபோனா. அண்ணன் கார்டே போடலங்கான்."

சுப்பையா அண்ணன் கார்டை வாங்கித் திருப்பினார். தபால் முத்திரையைப் பார்த்தார். தாராவி முத்திரை.

"பாத்தேன் தம்பி... அன்னைக்கே பாத்தேன். ஊர்லேருந்து வர்றவன் கையில கார்டைக் குடுத்து விடுவாவ, அவன் இங்க வந்து பெட்டியில போடுவான். அப்படித்தான்னு நெனச்சேன். அவசரம்போலன்னு..."

"பட்டறையில வேற ஆளைப் போட்டுட்டாண்ணே. 'ஜாவ், ஜாவ்'னு வெரட்டுதான்."

என் பின்னால் நின்ற அக்கா, "வாளி நெறஞ்சு வழியுதுல, கண்ணு எங்க இருக்கு?" என்று கத்தினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சுப்பையா அண்ணன் நாலு பட்டறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். வேலை கிடைக்கவில்லை. வடாலாவில் மூட்டை தூக்குகிறான் என்றார்கள். பிறகு அவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் அவன் அம்மாவிடமிருந்து நிஜமாகவே ஒரு கார்டு வந்தது. அண்ணன் வடாலா முழுக்க நடந்து பார்த்தார்.

அவர் வாழ்க்கையில் 'ஆள் இல்லை' என்று எழுதிய முதல் கார்டு அது.

அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது. கதவு எண் இல்லையா, திருப்பு. அப்பா பெயர் இல்லையா, திருப்பு. பன்னிரண்டு மணிக்கெல்லாம் பை காலி. ஆபீஸில் அவருக்கு நல்ல பெயர் வந்தது அப்போதுதான்.

தெருவில் பெண்கள் கேட்பார்கள்: "அண்ணாச்சி, எங்களுக்கு லெட்டரே வர மாட்டேங்குதே?"

"விலாசம் ஒழுங்கா எழுதச் சொல்லுங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே வேலை பார்த்து ரிட்டயர் ஆனார். காக்கிச்சட்டையை மறுநாளே பழைய துணிக்காரிக்குப் போட்டுவிட்டார்.

பிறகு நானும் டோம்பிவிலிக்கே குடிவந்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் வாரம் ஒருமுறை சந்திப்போம். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். போய் உட்கார்ந்து ஜோக் சொல்லிவிட்டு வருவேன். சிரிப்பார். அவருக்குத் தெரியுமா, தெரியாதா... கடைசிவரை எனக்குத் தெரியாது.

இன்று போனபோது அவர் மகன் போனை நீட்டினான். "அங்கிள், எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. ஊர்ல சொந்தக்காரங்களுக்கு அனுப்பணும். ஒரு மெசேஜ் டைப் பண்ணித் தாங்களேன்."

அவனுக்கு வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதையும் இங்கே எழுதுகிறேன்.

போனை வாங்கினேன். ரொம்ப நேரம் யோசித்தேன். வேறு வார்த்தை வரவில்லை.

"அப்பா தவறிவிட்டார். உடனே புறப்பட்டு வரவும்."

இந்தத் தடவை நிஜம், சுப்பையாண்ணே. போய்ட்டு வாங்க.