கதவடியில் ஒரு கதிரை

சென்ற ஆண்டு வுப்பர்டாலில், என் மகனின் பிறந்தநாளுக்கு ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். எங்கள் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்ப் பெண்ணையும் அழைத்திருந்தேன். ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். வந்தவள் நேரே கதவடிக் கதிரையில் போய் அமர்ந்தாள். புது ஆளைக் கதவடியில் விட்டால் நமக்குப் பொறுக்குமா? "அங்க ஏன் இருக்கிறீங்கள், முன்னுக்கு வாங்கோ!" என்று கையைப் பிடித்து இழுத்துவந்து கேக் மேசைக்குப் பக்கத்தில் இருத்தினேன். "இல்லை அக்கா, எனக்கு அந்தக் கதிரையே போதும்" என்று அவள் சொன்னதைக் கூச்சம் என்றே நினைத்தேன்.

மகன் கேக் வெட்டும்போது, வண்ணக் காகிதம் பறக்கவிடும் வெடியை என் கணவர் முறுக்கினார். படார்!

காகிதம் விழுந்து முடிந்தபோது மகனைக் காணவில்லை. மேசை விரிப்பைத் தூக்கினால், அவனைத் தரையோடு அழுத்தி மேலே கவிழ்ந்து கிடக்கிறாள் அவள்! ஒரு கை அவன் வாயைப் பொத்தியிருந்தது. சத்தம் போடாதே என்று ஜெர்மன் மொழியில் முணுமுணுத்தபடி இருந்தாள். யாரோ சிரித்தார்கள். எனக்கோ கோபம். அந்தக் கையை இழுத்துப் பிரித்தேன். ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

சமையலறையில் தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்தில படிக்கேக்க ஒருத்தன் துவக்கோட வந்து சுட்டவன் அக்கா. நாங்கள் மேசைக்குக் கீழ கிடந்தனாங்கள். பக்கத்தில கிடந்தவள் அழுதவள். அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் திரும்பினவன்."

அந்தத் தோழி பிறகு எழும்பவேயில்லை.

எங்கள் நாட்டுப் போரில் ஷெல்லுக்குப் பயந்து இங்கே ஓடிவந்தவர்கள் நாங்கள். அவளுடைய பெற்றோரும் அப்படித்தான்.

"வீட்டில கதைச்சால், 'நாங்கள் பாக்காததே, விடு பிள்ளை' எண்டுவினம். அவையளுக்கு வருசக்கணக்கில, எனக்கு ஒரு நாள் காலமைதானே. அதால கதைக்கிறேல்லை."

என் நாக்கு நுனியிலும் அதே வார்த்தைதான் நின்றது. நல்லவேளை, விழுங்கிக்கொண்டேன். அவள் படித்த அந்த ஊரில் பல வீடுகளில் இன்றும் புத்தாண்டுக்கு வெடி கொளுத்துவதில்லையாம். அவள் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் தாய்க்குப் போன் எடுக்க வேண்டுமாம். ஏன் என்று மட்டும் இருவரும் பேசுவதில்லை.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் வெடி கிடையாது. கதவடியில் அவளுக்கு ஒரு கதிரை போட்டுவிடுவேன். வெடித்தது வெறும் காகிதம்தான். ஆனால் நாங்கள் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தபோது, துப்பாக்கி என்றே நம்பி என் பிள்ளையின் மேல் பாய்ந்து மூடியவள் அவள் ஒருத்திதான்.