ஐம்பது டொலருக்குக் குறையாத பில்கள்

பில்லைப் பைக்குள் திணிக்கப்போன கஷியர்ப் பெண்ணைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, "ஐ ஆம் விசிற்றர். ராக்ஸ் பாக்?" என்று, கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா எனக் கேட்டார் றோஸ்மேரி அக்கா. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். அக்கா கோபிக்கவில்லை. பில்லை வாங்கி, பெருவிரல் நகத்தால் மடிப்பை நீவி, கைப்பையிலிருந்த பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். "புதுப் பிள்ளையள் தம்பி, சட்டம் தெரியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார். அது 2009 ஏப்ரல். அன்று காலையில் அது மூன்றாவது கடை.

அக்கா ஜெர்மனியில், டோட்முண்ட் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்பவர். வயது ஐம்பத்துநான்கு. மேசை வேண்டியதில்லை, நின்றபடியே, நெஞ்சில் வைத்து, ஒரு சேர்ட்டை நாலு அசைவில் மடித்துவிடுவார். தேநீர் ஊற்றினால் ஆறவிடுவார். ஆறிப்போச்சு என்று திரும்பச் சுடவைத்து, அதையும் ஆறவிடுவார்.

கனடாவில், ஸ்காபரோவிலிருந்த தமையன் பஸ்ரியன் வீட்டுக்கு வந்திருந்தார். அந்த வீட்டு பேஸ்மென்றில் நான் வாடகைக்கு இருந்தேன். அவர் வந்த காரணம் ஒன்றுதான். தங்கை கிறிஸ்ரினாவும் மூன்று பிள்ளைகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். பெப்ரவரிக்குப் பிறகு ஒரு தொடர்பும் இல்லை. கிறிஸ்ரினாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தொலைபேசி இலக்கம் பஸ்ரியன் வீட்டினுடையது. அழைப்பு வந்தால் அங்கேதான் வரும்.

வந்து சேர்ந்த பிறகோ அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் அவரால் இருக்க முடியவில்லை. கம்பளம் கழுவித் தருகிறோம் என்று எவனாவது அழைத்தாலும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பஸ்ரியனுக்குப் பின்னேர வேலை. காலையில் தொலைபேசியோடு அவர் இருப்பார். அந்த நேரம் பார்த்து அக்கா கடைகளுக்குப் புறப்படுவார். எனக்கு வேலையில்லாத நாட்களில் என்னையும் துணைக்குக் கூப்பிடுவார்.

வாங்கியதெல்லாம் பிள்ளைகளின் உடுப்புகள். வயது பதினைந்து, பதினொன்று, ஆறு. இரண்டு வருடமாக அவர்களின் படத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. "வளந்திருப்பினம்" என்று எல்லாவற்றிலும் ஓரளவு பெரிதாகவே எடுத்தார். ஒவ்வொரு பில்லும் ஐம்பது டொலருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டார். 2005இல் அவர் இங்கே வந்தபோது விதி அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் வாங்கிய பொருளைத் தன்னோடு கொண்டுபோய், பில்களையும் படிவத்தையும் தபாலில் அனுப்பினால், கட்டிய வரி திரும்பிவரும். அவருக்கு டோட்முண்டுக்கே காசோலை வந்திருந்தது. இந்தமுறை, பில்லின் மை நாளடைவில் மங்கிப்போகும் என்று நூலகத்தில் பிரதியும் எடுத்து வைத்தார்.

அந்தத் திட்டத்தை அரசாங்கம் இரண்டு வருடங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டது. பஸ்ரியனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சனி ஞாயிறுகளில் யூனிவேர்சிற்றி அவெனியூவில், போரை நிறுத்தக் கேட்டு நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்வந்து பஸ்ரியனின் தொண்டை கட்டியிருந்தது. அந்தக் குரலில் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "இப்ப சொல்லாதையும். உதையாவது பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்."

மே நடுவில், முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து மிக மோசமான செய்திகள் வந்துகொண்டிருந்த ஒரு காலையில், வரி அலுவலகத்துக்கே போய்க் கேட்போம் என்றார் அக்கா. மறுக்க வழி தெரியவில்லை. இலக்கத் துண்டு எடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அலுவலர் வயதான பெண். பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஓர் அறிவித்தலை அச்செடுத்துத் தந்து, திட்டம் முடிந்துவிட்டதென்று மெதுவாகச் சொன்னார். எப்படி இதைத் தமிழில் சொல்வது என்று யோசித்தபடியே நான் வெளியே வந்தேன். பஸ் தரிப்பில் உட்கார்ந்ததும் தொடங்கினேன். அக்கா என்னை முடிக்கவிடவில்லை.

"தெரியும் தம்பி. வந்த கிழமையே லைபிரரியில சொல்லிப்போட்டினம்."

பிறகு எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று கேட்டேன். அவர் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதைக் கேக்கிறதுக்கு ஒரு கவுண்டர் இருக்கு. நம்பர் எடுத்துக் காத்திருந்தால் ஒரு மனிசி பதில் சொல்லுது. மற்றதை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை.

போர் முடிந்துவிட்டதென்று அறிவித்த நாளில் அக்கா, பஸ்ரியன் வீட்டு அலுமாரியிலிருந்த துவாய்களையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டு, திரும்ப மடித்து அடுக்கினார். அடுக்கி முடித்ததும் மறுபடி வெளியே எடுத்தார். யாரும் தடுக்கவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் காலை தொலைபேசி அடித்தபோது பஸ்ரியன் குளித்துக்கொண்டிருந்தார். ஐந்து தடவை அடித்த பிறகு அக்காவே எடுத்தார். வவுனியா முகாமிலிருந்து, யாருடையதோ கைத்தொலைபேசியில் கிறிஸ்ரினா. பேசியது ஒரு நிமிடம்கூட இல்லை. தானும் சின்னவர்கள் இருவரும் முகாமில் இருப்பதாகவும், பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் கிடப்பதாகவும் சொன்னாராம். மூத்தவனைச் சோதனைச் சாவடியில் பிரித்து வேறு பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள், எங்கே என்று தெரியாது என்றாராம். கேட்பதற்கு எத்தனையோ வைத்திருந்த அக்கா, "ஓம், ஓம்" என்று மட்டுமே சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த நாள் அந்தப் பில்களுக்கு வேறு வேலை வந்தது. கடை கடையாகப் போய், சின்னவர்கள் இருவரின் உடுப்புகளையும் இரண்டளவு சிறிதாக மாற்றி எடுத்தோம். மூத்தவனுக்கு வாங்கியவற்றை அவர் வெளியே எடுக்கவில்லை. "அவனுக்கு எந்த அளவெண்டு நான் மாத்துறது" என்றார்.

ஜூன் முதல் வாரம் விமான நிலையத்துக்கு நானும் போனேன். பஸ்ரியன் காரிலிருந்து பெட்டிகளை இறக்கினார். உடுப்புகளை டோட்முண்டிலிருந்து கொழும்புக்குப் போகும் ஒரு தேவாலயப் பாதர் கொண்டுபோவார் என்று பேச்சு. முகாமுக்குள் விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துவிட்டு விலகினார்கள். காற்று குளிராக வீசியது. அக்கா என்னிடம் வந்து, "வாறன் தம்பி" என்றார். முப்பது வயதுக்காரனான என் ஜக்கெற்றின் சிப்பைக் கீழே குனிந்து கொளுவி, கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். பூட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.